தானே ஆறும் சுவர்

ஆயுத பூஜைக்கு அரிவாளைத் தேய்ப்பான், அம்மியைத் தேய்ப்பான், கை சும்மா இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிளையும் சேர்த்துத் தேய்ப்பான். ஆயிரத்து நூறு டிகிரியில் வேகிற சுவரை எவனாவது தேய்ப்பானா? உடையன்தேரியில் தேய்ப்பார்கள். கம்பிப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, கயிற்றுத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு, பளபளவென்று மின்னுகிற வரைக்கும் தேய்ப்பார்கள். அப்புறம் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, படம் எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கூத்து நடந்து வருகிறது.

குயிலிக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். உடையன்தேரி வெயில் கோபுரத்தில் உலோகப் பிரிவுக்கு அவள்தான் தலைமைப் பொறியாளர். நாற்பது வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்கு மனுஷர்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. உலோகத்துக்கு ஒரு தடவை சூடு வைத்தால் அடுத்த தடவையும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும். மனுஷனுக்கு ஒன்பது தடவை சொன்னாலும் பத்தாவது தடவை தலையைச் சொறிவான். இது அவள் அடிக்கடி சொல்கிற வாக்கியம். கேட்கிறவன் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

கோபுரம் வந்தது இரண்டாயிரத்து அறுபதுகளின் கடைசியில். கண்மாய் பூராவும் உப்பேறி, ஆழ்துளைக் கிணற்றில் கடல் தண்ணீர் வரத் தொடங்கிய காலம் அது. செம்மணல் தேரி முழுக்கக் கண்ணாடிகளை நட்டார்கள். அவை சூரியனோடு சேர்ந்து திரும்பி, அத்தனை வெயிலையும் கோபுர உச்சியில் இருக்கும் ஒரே சுவரில் கொட்டும். சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. நெருக்கி அடுக்கிய உலோகக் குழாய்கள். உள்ளே அழுத்தத்தில் ஓடுகிற வாயு அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே போகும். கீழே கடல் தண்ணீர் கொதித்து, ஆவியாகி, குடிதண்ணீராக மூன்று மாவட்டத்துக்குப் போகும்.

அந்தச் சுவரின் உலோகத்துக்குத்தான் கம்பெனிக்காரன் 'தானே ஆறும் சுவர்' என்று பெயர் வைத்து விற்றான். கீறினால் அரைமணி நேரத்தில் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அது பொய்யும் இல்லை. ஆனால் ஆறும் என்று தெரிந்துவிட்டால் மனுஷன் அடிக்கத் தயங்குவானா? பொறுத்துப் போகிற மருமகளுக்குத்தான் வீட்டில் இரண்டு ஏச்சு கூடுதலாக விழும். சுவரும் அப்படித்தான் இவர்களிடம் மாட்டிக்கொண்டது.

பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது குயிலி சுவரின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதே துண்டோடு நேராக டைரக்டர் ஞானவடிவேலின் அறைக்குப் போனாள். ஞானம் பெயரில் இருந்தது. அவர் அமைச்சர் வருகைக்கு எந்தப் பக்கம் பந்தல் போடுவது என்று ஆள்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஆள்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

"சார், இந்த வருஷம் சுவரைத் தேய்க்கக் கூடாது."

"தேய்க்காம எப்படி மேடம்? கரி புடிச்ச சட்டியாட்டம் மங்கிப் போய்க் கெடக்கு. அமைச்சர் வர்றாரு, படம் எடுப்பாங்க."

"அது கரி இல்ல சார். அதுதான் சுவரோட தோல்."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். குயிலி மேஜைமேல் துண்டை வைத்தாள்.

"அந்தச் சூட்டுல காத்து உலோகத்தைத் தின்னும். நம்ம சுவர்ல இரும்பு இருக்கு, குரோமியம் இருக்கு, கொஞ்சம் அலுமினியம் இருக்கு. காத்து பட்டதும் அலுமினியம் முந்திக்கிட்டு மேல வந்து ஆக்சிஜனோட சேர்ந்து பொருக்குக் கட்டும். தலைமுடியைவிட மெலிசான பொருக்கு. அது கட்டிட்டா அப்புறம் காத்துக்கு உள்ள வழியில்ல. நாளாக ஆக அது வளர்றதே கொறஞ்சு போகும். அது பாட்டுக்கு விட்டிருந்தா நாப்பது வருஷம் நின்னுருக்கும்."

"அதான் சொரண்டினாலும் திரும்பக் கட்டிக்குதே."

"கட்டிக்குது. எதை வச்சுக் கட்டுது? உள்ள இருக்குற அலுமினியத்தை எடுத்துத்தான் கட்டுது. நீங்க ஒவ்வொரு வருஷமும் உரிச்சு விடறீங்க, அது ஒவ்வொரு வருஷமும் முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. புதுசாக் கட்டறப்பதான் தீனி அதிகம். சுவர் வந்தப்ப நூத்துக்கு அஞ்சு பங்கு அலுமினியம் இருந்துச்சு. இப்ப ஒண்ணரைகூட முழுசா இல்ல. இன்னொரு தடவை உரிச்சா, தோல் கட்டச் சரக்கு இல்ல. அப்புறம் இரும்பு எரியும். இரும்போட துரு ஒட்டி நிக்காது, உதிரும். உதிர உதிர அடுத்தது எரியும். குழாய் ஒரு பகல் தாங்காது."

"பேனல்ல 'சுவர் நலம்'னு பச்சையாக் காட்டுதே மேடம்."

"பேனல் தோலை மட்டும்தான் பாக்குது. உள்ள என்ன மிச்சமிருக்குன்னு அதுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதான் நான் வந்து சொல்றேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். ஞானவடிவேலின் முகம் சுருங்கிப்போனது.

"புதுச் சுவர் தை மாசம் கப்பல்ல வருது. அதுவரைக்கும் இதைத் தொடாம விடுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

"சரி சரி. லேசாத் தேய்க்கச் சொல்றேன்," என்றார் அவர்.

லேசாக. குயிலி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செவிடன் காதில் ஊதினாலாவது அவன் சங்கைக் கண்ணால் பார்ப்பான். இந்த ஆள் அதையும் பார்க்கவில்லை.

இதில் அவளுக்கு வெறும் சுவர் மட்டும் பிரச்சினை இல்லை. சுவருக்குப் பின்னால் வால்வு அறை. குழாய் வெடித்தால் முதலில் வேகப்போகிறவர்கள் அந்த அறையில் இருக்கும் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருத்தன் சேதுராசு, அவளுடைய தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் சோறு போட்டு வளர்த்தவன். பத்தாவதை மூன்று தடவை எழுதியவன். அவளே சிபாரிசு செய்து அந்த அறையில் வேலைக்குச் சேர்த்தும் விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சேது வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, சீட்டுக் குலுக்குனாக. விஜயதசமி அன்னைக்கு முதல் வால்வை நான்தான் தொறக்கணும்னு எம்பேரு விழுந்துருச்சு."

பூஜையன்று சுவரை ஆறப்போட்டு, மறுநாள் விடிந்ததும் நல்ல நேரம் பார்த்து மறுபடி வெயிலைத் திருப்புவார்கள். அந்த முதல் வால்வைத் திறக்கிறவனுக்குப் பட்டு வேட்டி, மாலை எல்லாம் உண்டு. பெயர் விழுந்தவன் வேண்டாம் என்று சொன்னால் ஊரில் தலை காட்ட முடியாது.

"நீ போகாத. அன்னைக்கு லீவு போட்டுரு," என்றாள் குயிலி.

"என்னக்கா இப்படிச் சொல்ற? ஏன்?"

"சுவர் தாங்காது. உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லேன்."

"புரியற மாதிரியா? பத்தாவதையே மூணு தடவ எழுதுனவனுக்கு நான் எந்த மாதிரி சொல்றது?"

சேது தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான். லீவும் போடவில்லை.

மறுநாள் மதியம் கேன்டீனில் பூஜை கமிட்டி கூடியிருந்தது. கமிட்டித் தலைவர் தவசி, கண்ணாடிப் பிரிவில் மேஸ்திரி. அவர் புதுக் கம்பிப் பிரஷ்களைக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். குயிலி டம்ளரில் டீயை வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். டைரக்டரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. தம்பியிடம் அதட்டிப் பார்த்தாகிவிட்டது. இந்தக் கூட்டத்துக்கு எந்தத் தீனி செல்லும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அதைத் தொட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"தவசியண்ணே, இந்த வருஷம் நீங்க எதைத் தேய்க்கப் போறீங்கன்னு தெரியுமா?"

"சுவரைத்தான் மேடம்."

"சுவர் மேல இருக்குறது அழுக்கு இல்லண்ணே. மாணிக்கம்."

பிரஷ் எடுத்த கைகள் நின்றன.

"நெசமாத்தான் சொல்றேன். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தா குருந்தக்கல். அதுல ஒரு துளி குரோமியம் கலந்தா அதுக்குப் பேரு மாணிக்கம். நம்ம சுவர்ல குரோமியம் இருக்கா இல்லையா? இந்தப் பன்னெண்டு வருஷமா நீங்க செஞ்ச பூஜைக்கு ஆத்தா தனக்குத் தானே மாணிக்கக் கவசம் சாத்திக்கிட்டா. அதைப் போயிக் கம்பிப் பிரஷ்ஷால சொரண்டப் போறீங்க. செய்யுங்க."

அவள் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். சொன்னதில் கல்லைப் பற்றிய பாதி உண்மைதான். ஆத்தாவைப் பற்றிய பாதியை அந்த இடத்திலேயே கட்டினாள். தவசி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பிரஷ்கள் எல்லாம் ஸ்டோருக்குத் திரும்பிவிட்டன. டைரக்டர் தானே குயிலியைக் கூப்பிட்டு, "மாணிக்கக் கோபுரம்னு போர்டு வைக்கலாம்ல மேடம், அமைச்சருக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றார். நுண்ணோக்கியில் பார்த்து எடுத்த முடிவை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கட்டிவிட்ட கதையை ஊரே தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. குயிலிக்குச் சிரிப்பும் வந்தது, குமட்டலும் வந்தது. இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

பூஜையன்று சுவரை ஆறவிட்டார்கள். ஒரு பிரஷ்கூட மேலே போகவில்லை. அமைச்சர் வந்தார், பந்தல் கொள்ளாத கூட்டம் வந்தது. ஐயர் மந்திரம் சொல்வது கீழே வரைக்கும் கேட்கவேண்டும் என்று சுவருக்கு முன்னால் இருக்கும் மேல்தளத்தில் மைக் கட்டியிருந்தார்கள். மாணிக்கக் கவசத்தைக் கிட்டத்தில் பார்க்க லிஃப்டில் வரிசை வரிசையாக ஆள்கள் ஏறினார்கள். குயிலி மேலே போகவில்லை. அந்த வேர்வை நாற்றத்தில் நின்று, தானே அவிழ்த்துவிட்ட கதையைத் தானே கும்பிடுவதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்து? ஆய்வகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பழைய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது சேது வந்தான். நெற்றி நிறையக் குங்குமம். முந்தின நாள் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், இப்போது வெட்கப்பட்டுக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"உனக்குத்தான்க்கா. நீ வரல இல்ல, அதான்."

அவள் பிரித்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஒரு சிட்டிகை. நகத்தை விட மெல்லியது. இருபது வருஷம் படித்த படிப்பில் அவளுக்கு அதை அடையாளம் காண ஒரு நொடி போதும்.

"எங்கடா எடுத்த?"

"சுவர்லதான். மாணிக்கம்ல. எல்லாரும் எடுத்தாக."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். மொதல்ல அமைச்சர் மோதிரத்தால கிள்ளி எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அப்புறம் டைரக்டர் வீட்டம்மா சாவியால எடுத்தாக. தவசியண்ணன் ஸ்க்ரூ டிரைவரே கொண்டாந்துருந்தாரு. வரிசையில நின்ன சனம் பூராம் ஆளுக்கொரு கிள்ளு. கை எட்டுற ஒசரத்துக்கு ஒண்ணும் மிச்சமில்லக்கா. நான் நுனிவிரல்ல எக்கி நின்னுல்ல உனக்கு எடுத்தேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கும் அவளே பிடித்தது. அழுக்கு என்று நினைத்தவன் வருஷத்துக்கு ஒரு தடவை தேய்த்தான்; மாணிக்கம் என்று தெரிந்தவன் நகத்தாலேயே உரித்துவிட்டான். மேலே போய் ஒரு ஓரமாக நின்றிருந்தால் முதல் கிள்ளிலேயே தடுத்திருப்பாள். இவர்கள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு நீ போகக் கூடாது சேது. செத்துருவ."

"நல்ல நாளும் அதுவுமா ஏன்க்கா இப்படிப் பேசுற," என்று அவன் முகம் வாடி வெளியே போய்விட்டான்.

டைரக்டரைப் போனில் பிடித்தாள். நாளைக்குக் கண்ணாடியைத் திருப்பாதீர்கள், தோல் போய்விட்டது, திருப்பினால் ஐந்து பேர் சாவார்கள் என்றாள். அவர், "அமைச்சர் இன்னும் கெஸ்ட் ஹவுஸ்லதான் இருக்காரு மேடம், காலையில அவர்தான் பட்டன் அமுக்குறாரு. சுவர்தான் தானே ஆறிக்குமே, பாத்துக்கலாம்," என்று வைத்துவிட்டார். கேன்டீனுக்கு ஓடினாள். அங்கே அவனவன் பொட்டலத்தைப் பிரித்து யாருடையது பெரிய துண்டு என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது மாணிக்கம் இல்ல," என்றாள் குயிலி. "வெறும் பொருக்கு. நான் கட்டுன கதை. நாளைக்கு சுவரைச் சூடாக்குனா வெடிக்கும். ஒருத்தரும் மேல போகாதீங்க."

தவசி தன் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

"முந்தி மாணிக்கம், இப்பப் பொருக்கா மேடம்? நாங்க எடுத்த பொறவு பொருக்காகிப்போச்சா?"

"அவுகளுக்குக் கெடைக்கல போல," என்று மூலையிலிருந்து ஒருத்தன் சொன்னான். கேன்டீன் சிரித்தது. யாரோ இரக்கப்பட்டுத் தன் பொட்டலத்திலிருந்து ஒரு செதிலை அவள் பக்கம் நீட்டினார்கள். குயிலி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் கெஞ்சினாள். கெஞ்சிப் பழக்கமில்லாததால் அது திட்டுகிற மாதிரியே இருந்தது.

விடியும்போது அவள் மேல்தளத்தில் இருந்தாள். ஆய்வகச் சாவியால் பராமரிப்புப் படிக்கட்டின் கதவைத் திறந்து ஏறி வந்திருந்தாள். கோபுரத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் எவனாலும் மீற முடியாது: சுவருக்கு முன்னால் மேல்தளத்தில் உயிரோடு ஒரு ஆள் இருந்தால், கண்ணாடிகள் திரும்பாது. அமைச்சர் அமுக்கினாலும் திரும்பாது. அந்தக் கணினிக்கு மந்திரியும் தெரியாது, முகூர்த்தமும் தெரியாது. குயிலிக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

சுவரைப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு பட்டை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், வெறும் இரும்பு வெளித்தெரிய உரிந்து கிடந்தது. ஈரச் சந்தனமும் குங்குமமும் வழிந்து இறங்கியிருந்தன. அவள் முதுகை அதில் சாய்த்து உட்கார்ந்தாள். ஏறி வந்த வேகத்தில் கொண்டை அவிழ்ந்திருந்தது; காற்று முடியை மூஞ்சியில் அடித்தது.

கீழே நாதஸ்வரம் நின்றது. பட்டன் வேலை செய்யவில்லை என்று தெரிந்திருக்கும். சிறிது நேரத்தில் லிஃப்ட் வந்து, காவலாளி அந்தோணியும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

"மேடம், எறங்குங்க. டைரக்டர் கூட்டியாரச் சொன்னாரு."

"அந்தோணி, இந்தப் பட்டையைப் பாரு. இதுல அலுமினியம் தீந்துபோச்சு. வெயில் பட்டா இரும்பு எரியும். பின்னாடி அஞ்சு பேர்..."

"அதெல்லாம் கீழ போயிப் பேசிக்கிடலாம் மேடம்," என்று அந்தோணி அவள் கையைப் பிடித்துத் தூக்கினான்.

அவளுக்கு அப்போது வந்த ஆத்திரம் பொய் இல்லை. படித்ததைச் சொன்னால் கேட்கமாட்டான், கெஞ்சினால் சிரிப்பான், கையைப் பிடித்து இழுப்பான். இந்த ஜென்மங்களுக்கு எந்த மொழி புரியும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மொழி தன் வாயில் வரக்கூடாது என்று நாற்பது வருஷம் இருந்தாள். சுவருக்குப் பின்னால், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சேது வால்வுமேல் கை வைத்து நிற்கிறான்.

அவள் கையை உதறினாள். கண்ணை அகல விழித்து, அடிவயிற்றிலிருந்து கேட்டாள்:

"என் தோலை ஏன்டா உரிச்சீங்க?"

ஐயருக்குக் கட்டிய மைக்கை யாரும் கழற்றவில்லை. அந்தக் குரல் தேரி முழுக்கப் போய்க் கண்ணாடிகளில் மோதித் திரும்பி வந்தது. அந்தோணி கையை எடுத்தான். அவள் முதுகெல்லாம் சுவரின் குங்குமம், சிவப்பாக ஒழுகியது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினான். மற்ற இரண்டு பேரும் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

"போர்த்திக்க ஒண்ணு கட்டிக்கிட்டேனா? அதையும் பிச்சுப் பொட்டலம் கட்டுனீங்களா? எடுத்தவன் எல்லாம் கொண்டாந்து வையி. எனக்குப் புதுச்சட்டை வர்ற வரைக்கும் என்மேல வெயில் படக்கூடாது. பட்டா என் பின்னாடி நிக்கிற ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்."

அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. டைரக்டரிடம் துண்டை வைத்துக்கொண்டு சொன்னதும் இதேதான். கீழே பெண்கள் குலவை போட்டார்கள். லிஃப்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பொட்டலங்கள் குவிந்தன. தவசி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்து, தன் பொட்டலத்தை அவள் காலடியில் வைத்துவிட்டு அழுதார். வால்வு அறையைக் காலி செய்து பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசியில் ஞானவடிவேல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மைக்கைவிட்டுத் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேடம்... தாயே. எனக்கு நீங்க சொன்னது இப்பப் புரியுது. ஆனா நீங்க எறங்கிட்டா, நாளைக்கே தண்ணி எங்கன்னு சனம் வாசல்ல நிக்கும். மேலேயிருந்து போன் வரும். நான் திருப்பித்தான் ஆகணும். நீங்க இருக்குற வரைக்கும் லாரித் தண்ணி போதும்னு இருப்பாங்க. ஆத்தாவே வெயில் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு."

அவர் புரிந்துதான் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தை வரைக்கும் என்றால் இடையில் ஐப்பசி மழை, கார்த்திகை, மார்கழிப் பனி. அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

மேல்தளத்தில் தார்ப்பாய் கட்டினார்கள். மறைவுக்குத் தட்டி வைத்தார்கள். தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது. குடம் வைத்துக்கொண்டு சண்டை போடவேண்டிய சனம் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. யாரும் முறுக்கிக்கொண்டு கேள்வி கேட்கவில்லை. 'மாணிக்காத்தா' என்று பெயர் வந்துவிட்டது. அவளுக்கு அவர்கள்மேல் இருந்த இளக்காரம் குறைந்ததா என்றால், குறையவில்லை. இப்போது அதில் தன்னையும் சேர்த்துக்கொண்டாள்.

சாப்பாடு கொண்டுவரும் உரிமை சேதுவுக்கு. ஆத்தா குடியிருக்கும் உடம்புக்குத் தம்பி அல்லவா. முதல் நாள் அவன் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். தூக்குவாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றான்.

அவன் உயிரோடு முன்னால் நிற்பதைக் குயிலி ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். எட்டிப்போய் மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"டேய் சேது. இங்க வந்து உக்காரு."

அவன் உட்கார்ந்தான். பக்கத்தில் இல்லை, எதிரே, மண்டி போட்டு.

"உனக்கு எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்றேன். கேளு. நீ சின்னப்பிள்ளையில விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா, மறுநாள் பொருக்குக் கட்டுமில்ல? நான் அதைப் பிய்க்காத பிய்க்காதன்னு அடிப்பேன்ல? இந்தச் சுவரும் அதேதான்..."

அவள் நிதானமாகச் சொன்னாள். அலுமினியம் எப்படி மேலே வருகிறது, காற்றை எப்படி வெளியே நிறுத்துகிறது, உரிக்க உரிக்க உள்ளே எப்படிக் காலியாகிறது, ஏன் மாணிக்கம் என்று கதை கட்டினாள், ஏன் சாமி வந்த மாதிரி நடித்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட மூஞ்சியைச் சுளிக்கவில்லை. இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சேது கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"புரியுதாடா?"

"தாயி சொன்னாச் சரிதான்."

"தாயி இல்லடா. உங்கக்கா. நான் குயிலி."

சேது நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எங்கக்கா எங்கிட்ட இப்படிப் பேசாது தாயே. புரியாதுன்னு சொல்லிட்டுப் போயிரும். நீங்க எனக்குப் புரியற மாதிரி இவ்வளவு நேரம் உக்காந்து சொன்னீகளே, அதுலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

குயிலி தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா தாயே?" சேது துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டான். "எங்கக்கா உள்ளதான இருக்கு. அது என்னையப் பத்தி எப்பவாச்சும் நல்லதா நெனச்சுச்சா?"

காற்று தார்ப்பாயை அடித்தது. உங்கக்கா நான்தான்டா முட்டாள் என்று இன்னொரு தடவை சொல்லலாம். சொன்னால் அவன் நம்பமாட்டான். நம்பிவிட்டால், அந்த அக்கா வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தையை அவன் நம்பமாட்டான்.

"நெனச்சுச்சு," என்றாள் அவள். "உனக்காகத்தான் இங்க ஏறி வந்துச்சு."

சேது தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டான். அவன் முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறு ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து லிஃப்டுக்குப் போனான்.